நாற்பத்திரண்டு ஓட்டைகள்

அந்த ஓட்டைகளை அடைக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்று மட்டும் நான் சொல்ல முடியாது. சொன்னார்கள். புதுக் கட்டடத்தை எங்களிடம் ஒப்படைத்த அன்று கம்பெனி இன்ஜினீயர் ஸ்டெபின் என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனான். என் மகன் வயதுதான், அதனால் அவன் என்றே சொல்கிறேன். மலையை வெட்டிய இடத்தில் மண் சரியாமலிருக்கக் கருங்கல் அடுக்கி, சிமென்ட் பூசி, பன்னிரண்டடி உயரத்துக்கு எழுப்பிய சுவரைக் காட்டினான். அதில் வரிசை வரிசையாகப் பைப் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. மேட்டில் ஊறும் தண்ணீர் இந்த ஓட்டைகள் வழியாகத்தான் வெளியே வரும், எதை அடைத்தாலும் இதை அடைத்துவிடாதீர்கள் என்றான். நான் தலையை ஆட்டினேன். சிறப்பு விருந்தினருக்கு வாங்கி வைத்திருந்த சால்வை அந்த நேரம் பார்த்துக் காணாமல் போயிருந்தது. காது அவனிடம், கவனம் சால்வையிடம்.

நான் பிரிஸ்கில்லா. சேலத்துக்கு மேலே மலையில், நாகலூரையும் தாண்டி, காப்பி எஸ்டேட்டுகளுக்கு நடுவில் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. என்னோடு மேனகா டீச்சர். ஐந்து வகுப்பு, ஐம்பத்தெட்டு பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். பழைய ஓட்டுக் கட்டடம் ஆபத்தானது என்று இடித்துத் தள்ளியவர்கள், புதிதாகக் கட்டப் பணம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இரண்டு வருடம் தகரக் கொட்டகையில் பாடம் நடத்தினேன். மழை பெய்தால் நான் கத்துவது எனக்கே கேட்காது. அப்புறம்தான் அரசும் தனியாரும் கைகோத்துப் பள்ளி கட்டும் திட்டத்தில் எங்கள் பெயர் வந்தது. இடம் அரசுடையது. பணமும் கட்டுமானமும் ஒரு கம்பெனியுடையது. கட்டி முடித்த பிறகு பார்த்துக்கொள்வது பெற்றோர்களும் நானும் அடங்கிய பள்ளி மேலாண்மைக் குழு. ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதையாகத்தான் முடியும் என்று நினைத்தேன். பதினோரே மாதத்தில் கட்டி முடித்து என் வாயை அடைத்தார்கள்.

இரண்டு பெரிய அறைகள், டைல்ஸ் தரை, பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை. கம்பெனி ஊழியர்கள் ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து, அந்தப் பின்சுவர் முழுக்கப் படம் வரைந்துவிட்டுப் போனார்கள். காட்டெருமை, மயில், ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே கழுத்தை நீட்டிய ஒட்டகச்சிவிங்கி. பின்னறை ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவில் ஐந்தடிதான் இடைவெளி, அதனால் ஒன்று இரண்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாள் முழுக்க அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்.

ஆகஸ்டில் ஒருநாள், மயிலுக்குக் கீழே இருந்த பைப்புக்குள்ளிருந்து பச்சை நிறத்தில் ஒரு விரியன் தலையை நீட்டியது. யாரையும் கடிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை.

தொழிலாளர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் பெண்கள் கூடி, வீட்டைச் சுற்றி எலி வளை, பல்லிப் பொந்து என்று ஒன்று விடாமல் சிமென்டும் மண்ணும் வைத்து அடைப்பார்கள். மழைக்குப் பயந்து பாம்பும் பூரானும் வீட்டுக்குள் ஏறும் என்பதால் செய்வது. அடைக்காத வீட்டுக்காரியைச் சோம்பேறி என்று ஊரே பேசும். மேலாண்மைக் குழுவின் தலைவி சாந்தாமேரி காப்பிப் பழம் பறிக்கிறவள். அவள் மகள் ஷெர்லின் எங்களிடம் இரண்டாம் வகுப்பு. நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க டீச்சர், ஊட்டுல ஒரு ஓட்டைய விட்டு வெக்க மாட்டோம். புள்ளைங்க படிக்கற எடத்துல இத்தன ஓட்டைய விட்டுட்டுத் தூங்க முடியுங்களா? அரை மூட்டை சிமென்டு இருந்தாப் போதுமுங்க."

ஸ்டெபின் சொன்னது அப்போது ஞாபகம் வந்ததா? வந்தது. தலைக்குப் பின்னால் எங்கேயோ லேசாக வந்தது. அடைக்கலாமா என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பாதி வகுப்பு காலியாகக் கிடந்தது, பெண்கள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார்கள், எனக்கும் பாம்பென்றால் உயிர் போகும். சரி என்றேன். டீயும் வாங்கிக் கொடுத்தேன். நாற்பத்திரண்டு ஓட்டைகள். ஒவ்வொன்றையும் உள்ளே கல் திணித்து, சிமென்ட் பூசி, விரலால் வழித்து மழமழவென்று முடித்தார்கள். மீந்த பெயின்டை எடுத்து அதன் மேல் தடவியும் விட்டார்கள். நான் போட்டோ எடுத்து, கம்பெனிக்காரர்கள், வட்டாரக் கல்வி அலுவலர், ஸ்டெபின் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் "பள்ளிப் பராமரிப்பில் பெற்றோர் பங்களிப்பு" என்று போட்டேன். பதினேழு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். கம்பெனி அம்மா ஒருவர் பூங்கொத்துப் படமே அனுப்பினார். படத்தை எல்லோரும் பார்த்தார்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

நவம்பரில் மழை பிடித்தது. நான் சொல்லப் போவது அதன் மூன்றாம் நாள், ஒரு வியாழக்கிழமை. விடுமுறை விடவில்லை. கீழே சேலத்தில் வெயில் அடித்தால் மலைமேல் இருக்கிற எங்களுக்கும் பள்ளி உண்டு, அதுதான் கணக்கு. நாற்பத்து மூன்று பிள்ளைகள் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனேன். சுவரடியில் ஓடும் சாக்கடையில் இலை அடைத்திருக்கும், தள்ளிவிடலாம் என்றுதான் போனேன்.

சாக்கடையில் இலை இல்லை. தண்ணீரும் இல்லை. மூன்று நாள் மழையில், மலையடிச் சாக்கடையில், கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் மட்டும் ஒரு விரற்கடை நின்றது. மேலே நிமிர்ந்தேன். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. எனக்குக் கட்டுமானம் தெரியாது, ஆனால் நேராக இருந்தது நேராக இல்லை என்பது தெரியாதா? ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்குக் குறுக்கே, பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல். அதிலிருந்து செம்மண் தண்ணீர் மெல்லக் கசிந்து காட்டெருமையின் முதுகில் வழிந்தது. அடைத்த ஓட்டைகளைச் சுற்றி வட்ட வட்டமாக ஈரம்.

ஸ்டெபின் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், சால்வையைத் தேடிக்கொண்டு நான் கேட்காத வார்த்தை உட்பட, அப்போது எனக்கு அட்சர சுத்தமாகக் கேட்டது.

கொடிக்கம்பத்தின் அருகில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்று அவனைக் கூப்பிட்டேன். ஒன்று ஐம்பது. சேலத்தில் வேறொரு வேலையில் இருந்தான். சுவர் கொஞ்சம் தள்ளியிருப்பது போலத் தெரிகிறது, விரிசலும் இருக்கிறது என்றேன். அவன் பதற்றப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அந்தப் பைப்புல எல்லாம் தண்ணி வந்துட்டு இருக்குதுங்களா மேடம்?"

இதற்கு இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் என் மண்டைக்குள் என்னென்ன ஓடியது என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: பள்ளித் தரப்பில் ஏதாவது மாற்றம் செய்தால் கம்பெனி பழுது பார்க்காது. பழுது பார்க்காவிட்டால் கட்டடத்தைப் பூட்டுவார்கள். பூட்டினால் பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்ப்பார்கள். அது ஐந்து கிலோமீட்டர், காட்டெருமை நடமாடும் வழி. பெண்பிள்ளைகள் படிப்பு அதோடு நிற்கும். இதெல்லாம் உண்மைதான். பிள்ளைகளுக்காகத்தான் யோசித்தேன் என்று கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டும் இருந்தேன். ஆனால் முதலில் வந்தது அதுவல்ல. யார் அடைக்கச் சொன்னது என்று கேட்பார்கள், நான் மாட்டுவேன், என் பெயருக்கு மெமோ வரும். அதுதான் முதலில் வந்தது. மடியில் கனம் இருந்தது, அதனால் வாய் பொய் சொன்னது.

"வருதுங்க. சொட்டிக்கிட்டுத்தான் இருக்குது," என்றேன்.

அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அப்படியென்றால் பயமில்லை, சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கவில்லை, மேல்பூச்சு மட்டும் விரிசல் விட்டிருக்கும், காலையில் முதல் வேலையாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தான். பயமில்லை என்று அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்தது பாருங்கள், அதுதான் கொடுமை. என் பொய்க்கு அவன் சொன்ன பதிலை நானே நம்பினேன்.

அறைக்குத் திரும்பினேன். மேனகா நான்காம் ஐந்தாம் வகுப்பை முன்னறையில் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னறையில் இருபத்தாறு சிறுசுகள். அவர்களை முன்னறைக்கு மாற்ற ஐந்து நிமிடம் போதும். மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று மேனகா கேட்பாள். ஏன் என்று அவளுக்குச் சொன்னால், நான் எனக்கும் சொன்னதாகிவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னையே திட்டிக்கொண்டு, கரும்பலகையில் கூட்டல் கணக்குப் போட்டேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. மழை நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நிற்கவும் பயமாக இருந்தது, ஜன்னலைப் பார்க்கவும் பயமாக இருந்தது. வெளியே எங்கேயோ ஒரு கல் உரசும் சத்தம் கேட்டது. யாரும் தலை தூக்கவில்லை. எனக்கு மட்டும் கேட்டதோ என்னவோ. ஒரு கணக்கு, இன்னொரு கணக்கு, இன்னும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில், இதோ இது முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஷெர்லின்தான் சொன்னது. கணக்கை முடித்துவிட்டு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது அது.

"டீச்சர், ஒட்டகச்சிவிங்கி கழுத்து நீளமாயிட்டே போகுதுங்க."

பார்த்தேன். பென்சில் நுழைந்த இடத்தில் இப்போது என் கையே நுழையும். தலை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக நின்றது ஒட்டகச்சிவிங்கி.

கொடிக்கம்பத்துக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. குடை எடுக்கவில்லை. இரண்டு முப்பது. ஸ்டெபின் எடுத்ததும் மூச்சு வாங்கச் சொன்னேன்: "தம்பி, நான் பொய் சொல்லிட்டேன். ஒரு பைப்புலயும் தண்ணி வரல. எல்லாத்தையும் ஆகஸ்டுலயே அடைச்சாச்சு. நாந்தான் அடைக்கச் சொன்னேன்."

"புள்ளைங்க எங்கீங்க இருக்காங்க?" என்றான். உள்ளே என்றேன். "இப்பவே வெளிய கொண்டு போங்க மேடம். பையி வேண்டாம், செருப்பு வேண்டாம். சுவத்துப் பக்கம் ஒருத்தரும் போக வேண்டாம். போங்க மேடம், போங்க."

மழையில் நாற்பத்து மூன்று பிள்ளைகளையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எஸ்டேட் ஸ்டோருக்கு ஓட்டிக்கொண்டு போனோம். கணக்கெழுதும் ரைட்டர் காப்பி மூட்டைகளை ஒதுக்கி இடம் விட்டார். எண்ணினேன். நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டு. திரும்ப ஓடப் போனவளை மேனகா பிடித்து இழுத்து, என் இடுப்பைக் காட்டினாள். ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவனை நான் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினவளைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை, பொடியனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மூன்று ஐந்துக்குச் சுவர் சரிந்து வந்துவிட்டது. பெரிய வெடிச்சத்தம் எல்லாம் இல்லை. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் இன்னொரு லாரி, அப்புறம் மழை மட்டும். பின்னறையின் ஜன்னல் பக்கத்துச் சுவர் உள்ளே விழுந்து, அறையில் பாதிக்கு மேல் சேறும் கல்லும் நிறைந்து கிடந்தன. கரும்பலகை மட்டும் அப்படியே இருந்தது, கோணல் எழுத்தில் என் கூட்டல் கணக்கோடு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பயம். எல்லோரும் என்னைப் புகழ ஆரம்பித்தார்கள். வட்டாரக் கல்வி அலுவலர் போனில் குரல் தழுதழுக்கப் பேசினார். சரியான நேரத்தில் முடிவெடுத்த தலைமை ஆசிரியை என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள்; மறுபடியும் கட்டைவிரல்கள். பெற்றோர்கள் மழையில் நனைந்துகொண்டு ஸ்டோருக்கு ஓடிவந்து, பிள்ளையை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

ஐந்து மணிக்கு ஸ்டெபின் வந்தான். இடிந்த இடத்தைப் பார்த்துவிட்டு, பேன்ட்டெல்லாம் சேறாக, என்னை மூட்டைகளுக்குப் பின்னால் தனியாக அழைத்தான்.

"மேடம், ரிப்போர்ட்டுல ரெண்டரைக்கு நீங்க கூப்ட்டத மட்டும் எழுதிக்கறனுங்க. ஒன்னு அம்பதுக்குக் கூப்ட்டது வேண்டாம். நீங்க போட்ட போட்டோவுக்கு நானும் லைக் போட்டிருக்கறேன். கண்ணால பாக்காம பயமில்லன்னு சொன்னதும் நாந்தான். ரெண்டு பேருக்கும் நல்லதுங்க."

கைகோத்து, கைகோத்து என்று ஒன்றரை வருடமாகத் திட்டத்தின் பேனரில் படித்தது அன்றைக்குத்தான் நிஜமாக நடந்தது. சரி என்று என் தலை ஆடியதை நான் மறுக்கவில்லை. அந்தத் தலை எதற்குத்தான் ஆடாமல் இருந்தது.

அந்தச் சமயத்தில் சாந்தாமேரி வந்தாள். பறிக்கும் கூடை இன்னும் முதுகில் இருந்தது. ஷெர்லினை ஒரு கையில் பிடித்தபடி வந்தவள், மறுகையால் என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். அழவில்லை. முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் போகிற வழியை அடைத்ததால்தான் சுவர் விழுந்தது என்று வெளியே யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறாள்.

"அடைச்சவ நானுங்க டீச்சர்," என்றாள். "எங்கையால கல்லு வெச்சு அடைச்சனுங்க. எம்பட புள்ளைக்கு நானே எமனா இருந்திருப்பேன். நீங்க இல்லாட்டி இந்நேரம் நான் என்னத்தக் கண்டிருப்பனுங்க. நீங்க நொம்ப நல்லா இருக்கோணும் சாமி."

ஸ்டெபின் என்னைப் பார்த்தான். சும்மா இருங்கள் என்று கண்ணாலேயே சொன்னான். சும்மா இருந்திருக்கலாம். அவள் தன்னைத்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க என்னைக் கும்பிட்டுக்கொண்டிருப்பாள், நானும் வாங்கிக்கொண்டே இருப்பேன். அதை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

"உனக்குத் தெரியாது, சாந்தாமேரி. எனக்குத் தெரியும்," என்றேன். "அடைக்கக் கூடாதுன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தாங்க. இன்னிக்கு ஒன்னு அம்பதுக்கே செவுரு தள்ளினதப் பாத்துட்டேன். இவரு கேட்டாரு, தண்ணி வருதான்னு. வருதுன்னு பொய் சொன்னேன். மாட்டிக்குவேன்னு பயம். நாப்பது நிமிஷம் புள்ளைங்கள அங்கயே வெச்சிருந்தேன். தெரிஞ்சுதான் வெச்சிருந்தேன்."

ஸ்டெபின் தலையைக் குனிந்துகொண்டான். சாந்தாமேரி நான் சொன்னதை ஒவ்வொன்றாக விளங்கிக்கொள்வது அவள் முகத்தில் தெரிந்தது. திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த நாப்பது நிமிஷமும், ஷெர்லின் எந்தப் பக்கமுங்க உக்காந்திருந்துச்சு?"

"ஜன்னல் ஓரம்," என்றேன்.

சாந்தாமேரி என் கையை விட்டாள். கீழே உட்கார்ந்து, பிள்ளையின் ஈரத் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து, முடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள், அங்கே எங்கேயோ அடிபட்டிருப்பதைப் போல. எங்கும் வலிக்கவில்லை என்று ஷெர்லின் சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் தேடுவதை நிறுத்தவில்லை.